படகு நிற்கும் ஏழு நிமிடம்

அவர் களைத்துப்போய் உட்கார்ந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பதினொரு முறை உட்காருவார். நான் எண்ணியிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இந்தத் தீவின் ஹேடோ துறைமேடையில் சரக்கிறக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணுவது என் வேலை. அவர் அங்கே ஒரு கேங்குக்கு மேஸ்திரி. பன்னிரண்டு ஆட்கள்: ராஞ்சிக்காரர்கள் நான்கு பேர், வங்காளிகள் மூன்று, தமிழர்கள் மூன்று, தெலுங்கர்கள் இரண்டு. மேஸ்திரியின் பெயரை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் மின்னி பேயில் இருக்கிறார்கள். எழுதியது தப்பு என்று யாராவது வாசலில் வந்து நின்றால், ஷாதிபூரில் மகன் வீட்டு மாடியிலிருந்து இருபத்துமூன்று படி இறங்கிப் போய் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மேஸ்திரி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். குட்டையான உருவம், கனத்த பிடரி, கழுத்தில் எப்போதும் அழுக்கேறிய மாதா உத்தரியக் கயிறு. என்னைவிட இருபத்தைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை 'கிளார்க்கையா' என்றுதான் கூப்பிடுவார். ஆட்களிடம் அவருக்கு இரண்டே சொற்கள் போதும். இரண்டும் இந்தி. 'பைட்டோ' என்றால் எல்லாரும் உட்காரவேண்டும். 'உட்டோ' என்றால் எழுந்திருக்கவேண்டும். இந்த இரண்டையும் எப்போது சொல்வது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. சாத்தம் ஜெட்டிக்கும் எதிர்க்கரையிலுள்ள பம்பூ ஃப்ளாட்டுக்கும் நடுவே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த பயணிப் படகுதான் தீர்மானித்தது.

எங்கள் மேடையிலிருந்து பார்த்தால் அந்தப் படகு நன்றாகத் தெரியும். போகப் பன்னிரண்டு நிமிடம், அக்கரையில் நிற்பது ஏழு, திரும்பி வரப் பன்னிரண்டு, இக்கரையில் நிற்பது ஏழு. அது நம் கரையை விட்டுப் போய்த் திரும்பும் முப்பத்தொரு நிமிடமும் மூட்டை தூக்கவேண்டும். அது ஜெட்டியைத் தொட்டுக் கயிறு கட்டியதும் தோளில் இருப்பதைச் சரக்குச் செட்டில் இறக்கிவிட்டு உட்காரவேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு கயிறு அவிழ்த்ததும் எழுந்துவிடவேண்டும். காற்று பலமாக இருந்தால் முப்பத்தொன்று முப்பத்தைந்தாகும். ஜெட்டியில் கூட்டம் அதிகமென்றால் ஏழு பத்தாகும். அதைப் பற்றி யாரும் முறையிடக் கூடாது.

கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டால் இத்தனை தொல்லை இல்லையே என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார்.

“வாட்சு என் கையில இருந்தா எல்லாப் பயலும் என் கையத்தான் பாப்பான். இன்னும் ரெண்டு நிமிசம் மேஸ்திரின்னு இவன் கெஞ்சுவான். இன்னும் ரெண்டு தூக்கு மேஸ்திரின்னு ஸாப்பு மெரட்டுவாரு. படகுகிட்ட எவனும் கெஞ்ச முடியாதுல்லா?”

அவர் ஓய்வை யாருக்கும் சலுகையாகக் கொடுக்கவில்லை. யாரையும் அதை வேண்டாமென்று சொல்லவும் விடவில்லை. புதிதாகச் சேர்ந்த வங்காளி இளைஞன் ஒருவன் பலசாலி. தன் பலத்தை எல்லாரும் பார்க்கவேண்டும் என்று ஆசை வேறு. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தபோது அவன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு செட்டுக்குள் போய் வைத்துவிட்டு வந்தான். மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. அந்த மூட்டையைத் திரும்பத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார். வைத்தபிறகு 'பைட்டோ' என்றார். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் படகு கயிறு அவிழ்த்துவிட்டது. 'உட்டோ' என்றார். அதற்குப்பிறகு அவன் முந்திக்கொண்டு தூக்கியதே இல்லை.

எழுந்திருப்பதிலும் அதே கண்டிப்புதான். டீ பாதிக் கோப்பையில் இருந்தாலும், பீடியை அப்போதுதான் பற்றவைத்திருந்தாலும் வைத்துவிட்டு எழவேண்டும். அவரே தன் டீயைக் கடலில் கொட்டிவிட்டு எழுவார். உட்கார்ந்திருக்கும்போது வேலைப் பேச்சு கூடாது. சிலர் மல்லாந்து படுப்பார்கள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. “களைப்பு வாறதுக்கு முந்தி உக்காரணும். வந்த பெறவு உக்காருததுக்குப் பேரு உக்காருதது இல்ல, விழுதது.”

இது துறைமேடையோடு நின்றுவிடவில்லை. ஹேடோவிலிருந்து மின்னி பேக்கு நடந்து போகும் வழியில் அவர் உட்காரும் இடங்கள் மூன்று இருந்தன. மழை பெய்தாலும் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீண்டுபோனால் எழுந்து வெளியே போய்ப் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி உள்ளே வருவார். பாதிரியார் ஒருநாள் வருத்தப்பட்டுக் கேட்டாராம். நடுவுல எந்திரிச்சுப் போனாத்தான், சாமி, கடைசி வரைக்கும் கேக்க முடியுது என்றாராம் இவர். பாதிரியார் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அதை நான் சரிபார்க்கவில்லை. அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்னது வேறு: “சண்டையக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் போடுவாரு. பாதியில திண்ணையில உக்காந்துட்டு வந்து தொடருவாரு. எனக்கு எங்க விட்டோம்னே மறந்து போவும்.”

இனி என் தவறைச் சொல்லவேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தகுதிகாண் காலம். மனைவி ஊரிலிருந்து வந்து நான்கு மாதம், உண்டாகி மூன்று மாதம். ஹேடோவில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மேலதிகாரிக்கு என் மேல் ஒரு நல்ல எண்ணம் வரவேண்டும் என்ற கவலையில் எதையாவது கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எண்ணுவது. இரண்டு கப்பல்கள் வந்து போகும்வரை மேஸ்திரியின் கேங் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் குறித்தேன். பதினொரு முறை, சராசரி ஏழு நிமிடம். பதினொன்றை ஏழால் பெருக்கினால் எழுபத்தேழு. ஒரு நாளைக்கு எழுபத்தேழு நிமிடம் இந்த கேங் சும்மா இருக்கிறது என்று அழகான கையெழுத்தில் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். மற்ற கேங்குகளைவிட அவர்கள் நாளுக்கு மூன்று தூக்கு, அதாவது மூன்று வலைச் சரக்கு, அதிகம் இறக்குகிறார்கள் என்பது என் டாலித் தாளிலேயே இருந்தது. அதை நான் எழுதவில்லை. கேட்டது அதுவல்ல என்று நினைத்துக்கொண்டேன். யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

சூப்பர்வைசர் வடக்கத்திக்காரர், கெட்டவர் அல்ல. தாளை இரண்டு முறை படித்தார். அடுத்த கப்பல் வந்த அன்று காலை மேஸ்திரியைக் கூப்பிட்டு, மதியச் சாப்பாட்டு ஒரு மணி நேரம் தவிர இனி உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதனால் இந்த உத்தரவு என்பதையும் மறைக்கவில்லை. என் தாளையே காட்டினார். மேஸ்திரிக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அச்சா ஸாப்” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கப்பலில் எங்களுக்கு அரிசி மூட்டைகள். ஒரு தூக்குக்கு இருபது மூட்டை. வலையில் கட்டி வின்ச் இறக்கும், கேங் சுமந்து செட்டில் அடுக்கும். முதல்நாள் முழுவதும் மேஸ்திரி சாத்தம் பக்கம் திரும்பவே இல்லை. படகு தன் கண்ணில் படாதபடி நின்றுகொண்டார். ஆட்கள் பார்த்தார்கள். படகு கயிறு கட்டும்போதெல்லாம் பன்னிரண்டு தலையும் அந்தப் பக்கம் திரும்பி, பிறகு மூட்டைக்குத் திரும்பும். அன்று நாற்பத்தொரு தூக்கு. உட்கார்ந்து வேலை செய்த காலத்தில் நாற்பத்துநான்கு. குறைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கொளுத்துகிற வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் தெலுங்கர்களில் மூத்தவர் மூட்டையோடு விழுந்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். அந்த ஏழு நிமிடங்கள் இருந்ததால்தான் இளைஞர்களுக்குச் சமமாகத் தூக்கிக்கொண்டிருந்தவர். முழங்கால் திரும்பிவிட்டது. நான் டாலி அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். நான்கு பேர் அவரைத் தூக்கி நிழலில் கிடத்தினோம். மேஸ்திரி அவர் போட்ட மூட்டையைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். அன்று மாலையும் மறுநாள் காலையும் மேஸ்திரியே பன்னிரண்டாவது ஆள். அடுக்குவதைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் மூட்டைகள் செட்டுக்குள் கண்டபடி வந்து விழுந்தன.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டுக்குச் சரக்கு முடிந்தது. கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படவேண்டும். கப்பல் தரப்புக் கணக்கரும் நானும் தாள்களை ஒப்பிட்டோம். அவருடையது நூற்றொரு தூக்கு, இரண்டாயிரத்து இருபது மூட்டை. என்னுடையது தொண்ணூற்றொன்பது தூக்கு. நாற்பது மூட்டை குறைந்தது.

என் வாழ்க்கையில் கணக்கு தப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில்கூட இல்லை. மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் தொண்ணூற்றொன்பதே வந்தது. சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னார். கப்பல் கிளம்புவதற்குள் குறைவை நிரூபிக்கவேண்டும், இல்லாவிட்டால் கப்பலின் கணக்கை ஏற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு செட்டில் நாற்பது மூட்டை குறைந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை இதேபோல ஒரு குறைவுக்காகத்தான் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். செட்டுக்குள் போய்ப் பார்த்தேன். முதல்நாளிலும் இரண்டாம் நாள் காலையிலும் வைத்தவை ஒழுங்கான அடுக்குகள். எண்ணிவிட்டேன், ஆயிரத்து இருநூற்று இருபது. மீதி ஒரு குவியல். அதில் எழுநூற்று அறுபது இருக்கிறதா எண்ணூறு இருக்கிறதா என்று கடவுளாலும் பார்த்துச் சொல்ல முடியாது. பிரித்து அடுக்கினால்தான் தெரியும். கேங்குக்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போக அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மேஸ்திரி செட்டின் நிழலில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் நின்று விஷயத்தைச் சொன்னேன். வங்காளி இளைஞன் இந்தியில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்த எழுபத்தேழு நிமிடத்தை நான் எங்கே வைத்தேனோ அங்கேதான் நாற்பது மூட்டையும் கிடக்கும், போய்ப் பார்க்கட்டும் என்றான். சிரிக்காதவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் மூன்று நாளுக்குப் பிறகு சாத்தம் பக்கம் திரும்பினார். படகு ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தது. அது கயிறு அவிழ்க்கும்வரை பார்த்தார். பிறகு தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, “உட்டோ” என்றார். முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் எழுந்தார்கள்.

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. ஐம்பது ஐம்பதாக அடுக்கச் சொன்னார். நிமிடத்துக்கு நான்கு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தது. நான் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். நிற்காமல் செய்தால் நாலு மணிக்குள் முடித்துவிடலாம். ஒன்று பதினொன்றுக்குப் படகு வந்தது. “பைட்டோ” என்றார்.

அவரிடம் ஓடினேன்.

“மேஸ்திரி, இன்னைக்கு ஒரு நாள் வேணாம். அஞ்சு மணிக்குக் கப்பல் போயிரும். அவசரம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

“அவசரம்னாத்தான் உக்காரணும் கிளார்க்கையா. அவசரமில்லாட்டி எப்பம் வேணும்னாலும் உக்காரலாமே.”

அந்த ஏழு நிமிடமும் நான் செட்டுக்கும் மேடைக்குமாக நடந்தேன், எத்தனை நடை என்று நினைவில்லை. எண்ணாமல் நடந்தது அந்த ஒரு தடவைதான். படகு அவிழ்ந்தது, எழுந்தார்கள். வேகம் குறையவில்லை. ஒன்று நாற்பத்தொன்பதுக்கு மறுபடி. இரண்டு இருபத்தேழுக்கு மறுபடி. மூன்று மணிக்குமேல் ஒரு ராஞ்சிக்காரர் பாடிக்கொண்டே தூக்கினார். முந்தைய இரண்டு நாளும் அந்த நேரத்தில் மூச்சு வாங்கும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது. பழைய நாட்களில் படகு நின்ற ஏழு நிமிடத்தில் வின்ச்சும் நிற்கும். அப்போது கப்பலிலிருந்து கணக்கர் தன் எண்ணிக்கையைக் கத்திச் சொல்வார், நான் என்னுடையதைக் கத்துவேன். ஒரு தூக்கு தப்பியிருந்தால் அங்கேயே பிடித்துவிடுவோம். நாளுக்குப் பதினொரு முறை சரிபார்த்திருக்கிறோம். சும்மா இருந்த நேரம் என்று நான் பெருக்கி எழுதிக் கொடுத்த எழுபத்தேழு நிமிடத்துக்குள் என் வேலையும் இருந்திருக்கிறது.

எழுநூற்று அறுபதாவது மூட்டை அடுக்கில் ஏறியபோது நான் தரையைப் பார்த்தேன். தரையில் இன்னும் மூட்டைகள் கிடந்தன. என் கணக்கு தப்பு என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நாலு இருபதுக்கு எழுநூற்று எண்பத்துநான்கு. படகு கயிறு கட்டியது. கீழே கிடந்தவற்றைத் தூக்க இன்னும் இரண்டே நடை. மேஸ்திரி “பைட்டோ” என்றார். இந்தத் தடவை நான் அவரிடம் ஓடவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, தனித்தனியாகக் கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பதினாறு. ஆக எண்ணூறு. அவர்கள் எழுவதற்கு முன்பே நான் அலுவலகத்துக்கு ஓடிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் தாளை மடித்து வைத்தார். உன் எண்ணிக்கை எப்படித் தப்பியது என்று கேட்டார். சும்மா கேட்டார், தண்டிக்கக் கேட்கவில்லை. வெயிலில் கண் கூசியது என்று சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாகச் செட்டின் வாசல் தெரிந்தது. படகு போய்விட்டிருந்தது. யாரும் கேட்காமலேயே அவர்கள் கடைசிப் பதினாறு மூட்டையையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தெலுங்குப் பெரியவர் விழுந்தபோது நான் அட்டையை வைத்துவிட்டு ஓடினேன், அந்த இடைவெளியில் இரண்டு தூக்கு இறங்கியிருக்கிறது என்றேன். அவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார் என்றேன். விழுந்திருந்தாலும், உட்காரும் நேரத்தில் சரிபார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன் என்றேன். நாளுக்கு நாற்பத்துநான்கு தூக்கு இறக்கிய கேங் மூன்று தூக்கு குறைந்தது என்பதையும், முன்பு மற்ற கேங்குகளைவிட அவர்கள் அதிகம் இறக்கியதை என் முதல் தாளில் நான் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். இந்தி அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, இதையெல்லாம் எழுதிக் கொடு என்றார். எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்து அழகாக வரவில்லை. அந்தத் தாளின் பலன், என் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீண்டது. அந்த ஆறு மாதமும் நான் எப்படித் தூங்கினேன் என்று என் மனைவியைத்தான் கேட்கவேண்டும். அவளும் இப்போது இல்லை.

உட்காரலாம் என்று உத்தரவு எதுவும் வரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் திரும்பச் சொல்லவும் இல்லை. அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்து வந்தது. தெலுங்குப் பெரியவர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்குள் அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தத் தீவில் எந்தத் தாளும் மூன்று நாளுக்குமேல் ரகசியமாக இருப்பதில்லை. மேஸ்திரியின் காலை வணக்கத்தில் வழக்கத்தைவிட ஒரு சொல்கூட அதிகமில்லை.

ஏழு முப்பத்தொன்றுக்குப் படகு ஜெட்டியைத் தொட்டது. “பைட்டோ” என்றார். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வின்ச் நின்றது. கப்பலிலிருந்து கணக்கர் மூன்று என்று கத்தினார், நானும் மூன்று என்று கத்தினேன். சரியாக இருந்தது. ஆனாலும் மனம் கேட்காமல், நின்றபடியே அட்டையை மார்பில் சாய்த்துக்கொண்டு அந்த மூன்று கோடுகளையும் மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

மேஸ்திரி கடலைப் பார்த்தபடியே பேசினார். இந்தியில் இல்லை.

“உக்காருங்க கிளார்க்கையா. ஒங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன்.”

வங்காளி இளைஞன் நகர்ந்து இடம் கொடுத்தான்.